தண்ணி ரெடின்னா நீ முதல்ல இறங்கு

நம்ம பம்பு மெக்கானிக்குகள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு செயலாளர் முருகேசன் வீட்டுக்கு வந்து கேட்டான். "அண்ணே, தொழில்ல நீங்கதான் மூத்தவுக. பட்டது பார்த்ததுன்னு நல்லதா நாலு பக்கம் எழுதுங்க. புதுசா வர்ற பயலுகளுக்கு ஊக்கமா இருக்கும்"னான். ஊக்கம் குடுக்கிற வேலையெல்லாம் எனக்கு வராதுப்பா, எழுத உட்கார்ந்தா வையத்தான் செய்வேன்னு சொன்னேன். சிரிச்சான். காப்பியக் குடிச்சிட்டு எந்திரிக்கிறப்ப, மலரை வெளியிடப்போறது யாருப்பான்னு சும்மா கேட்டேன். மலையடிவாரத்துல வரிசையா ரிசார்ட் கட்டி வச்சிருக்கிற முதலாளின்னு சொன்னான். மண்டபச் செலவும் அவருதானாம்.

அந்த முதலாளி தேனியில ஓட்டல்காரங்க கூட்டத்துல பேசின வீடியோ எல்லார் போனுலயும் சுத்துச்சே, பார்த்திருப்பீக. "ஹாட் டப்புக்கு மெக்கானிக் எதுக்குங்க? மிதவையில ரெண்டு புரோமின் மாத்திரையைப் போட்டா முடிஞ்சது"ன்னு ஆரம்பிச்சாரு. அதோட விட்டாரா? "முன்ன ஒரு வேலைக்காரி கை பட்டே ஒரு தொட்டித் தண்ணி கெட்டுப் போச்சு. அதுலருந்து தண்ணிப் பக்கம் ஆளையே விடுறதில்ல, எல்லாம் மெஷின்தான்"னாரு. கூட்டம் சிரிச்சுக் கைதட்டுது. நம்ம சங்கத்து ஆளுக ரெண்டு பேரும் அதுல பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காக. மூஞ்சியப் பார்த்தேன், பேரு போடல.

அந்த வேலைக்காரிக்குப் பேரு உண்டு. பேச்சியம்மாள். கூடலூர்க்காரி. அவ கையால தண்ணி கெடல. கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அந்தத் தொட்டியைத் தொடங்கி வச்சவன் நான். முருகேசன் பஸ் ஏறுறதுக்குள்ள பேனாவை எடுத்துட்டேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். புதுப் பயலுகளுக்குத் தெரியாது. நான் வீரணன். அஞ்சாப்பு. அந்த அஞ்சாப்பும் வாத்தியார் பாவம் பார்த்துத் தள்ளி விட்டது. கம்பத்துல மோட்டார் வைண்டிங் கடை கூட்டுறதுல ஆரம்பிச்சு, செப்புக் கம்பி சுத்தி, கிணத்துக்குள்ள கயித்துல தொங்கி, போர் மோட்டார் தூக்கி, உத்தமபாளையத்துலருந்து லோயர் கேம்ப் வரைக்கும் எந்த மோட்டார் எப்படி முனகும்னு தூரத்துலருந்தே சொல்ற அளவுக்கு வந்தேன். எனக்கு எவனும் சிபாரிசு பண்ணல. எங்க அப்பன் வச்சிட்டுப் போன ஸ்பேனர்னு ஒண்ணு கூடக் கிடையாது. இந்தப் பள்ளத்தாக்குல ஹாட் டப்புல முதன்முதல்ல புரோமின் ஏத்தினவன் எவன்னு கேட்டா, இன்னிக்கும் குமுளி வரைக்கும் என் பேரைத்தான் சொல்லுவாக. சொல்லாதவனுக்குத் தொழில் தெரியாது.

ஹாட் டப்புன்னா என்னன்னு கிணத்து மோட்டாரோட நின்னுட்டவுகளுக்காக ஒரு வார்த்தை. ஆறு பேரு காலை நீட்டி உட்கார்ற ஃபைபர் தொட்டி. தண்ணி எப்பவும் கதகதன்னு இருக்கும். சுவத்துல இருக்கிற ஓட்டை வழியா காத்தும் தண்ணியும் பீச்சி முதுகைப் பிடிச்சு விடும். நீச்சல் குளம் மாதிரி பெரிசு இல்ல. கொஞ்சத் தண்ணி, நிறைய உடம்பு, அதுவும் சூடு. கிருமிக்கு அதைவிட மாமியார் வீடு வேற வேணுமா? அதனாலதான் அதுல கிருமி கொல்ற புரோமின்.

இந்த வேலையை எனக்குக் காட்டினது குமுளியில ஒரு பெரிய ரிசார்ட்டுல இருந்த வர்கீஸ் சார். கோட்டயம் பக்கத்து ஆளு. வெள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டியிருப்பாரு, சட்டைப் பையில ஒரு குட்டிச் சீப்பு. தண்ணியை உள்ளங்கையில அள்ளி மோந்து பார்ப்பாரு. சோதனைப் பட்டையை முக்கி எடுத்தா வெயில்ல பிடிச்சுப் பார்க்க மாட்டாரு. முதுகைக் காட்டி நின்னு, தன் நிழல்லயே வச்சு நிறம் பார்ப்பாரு. வெயில்ல எல்லா நிறமும் நல்லாத்தான் தெரியும்னு சொல்லுவாரு.

அவரு வையவே மாட்டாரு. அவருகிட்ட இருந்த கொடுமையே அதுதான். நீ செஞ்சது தப்புன்னா வாயத் திறக்காம குனிஞ்சு வடிகால் மூடியைத் திறந்து விடுவாரு. பகலெல்லாம் நிரப்பின தண்ணி மொத்தமும் போகும். அவரு தொட்டி விளிம்புல உட்கார்ந்து, "ஒரு கட்டன் சாயா"ன்னு மட்டும் சொல்லுவாரு. பால் ஊத்தாத டீயை ஒவ்வொரு வாயாக் குடிச்சிக்கிட்டு, கடைசிச் சொட்டு வடியிற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. பக்கத்துல நிக்கிறவனுக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்னு இருக்கும்.

இன்னொண்ணு உண்டு. புதுத் தொட்டியைத் தொடங்கி, எல்லாம் சரியாயிருச்சுன்னு நாம போய்ச் சொன்னா அவரு கேக்குறது ஒரே கேள்விதான்.

"எடா வீரணா, வெள்ளம் ரெடியாணோ?"

"ரெடி சார்."

"எந்நா நீ எறங்ஙு."

தண்ணி ரெடின்னா நீ முதல்ல இறங்கு. விருந்தாளி பார்க்கட்டும், மேனேஜர் பார்க்கட்டும், அவருக்குக் கவலை இல்ல. சட்டையைக் கழட்டி, டவுசரோட உள்ள உட்காரணும். கண்ணு எரியுதா, தொண்டை கமறுதா, தோலு இழுக்குதான்னு நீயே சொல்லணும். முதல் தடவை நான் வெக்கப்பட்டு நின்னப்ப, "வாயை வச்சுப் பொய் சொல்லலாம். தோலை வச்சுப் பொய் சொல்ல முடியாது"ன்னு அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னாரு. அன்னிக்குப் பிடிச்ச பழக்கம். நான் தொடங்கின எந்தத் தொட்டியிலயும் எனக்கு முன்னால இன்னொருத்தன் இறங்கினதில்ல.

இப்ப, மாத்திரையைப் போட்டா முடிஞ்சதுன்னு சொன்ன ஆளுக்கும், அதைக் கேட்டுக் கைதட்டுனவுகளுக்கும் சொல்றேன். காதைத் தீட்டிக்கங்க.

புதுத் தொட்டி சுத்தமான தொட்டி கிடையாது. கம்பெனியில தண்ணி விட்டு ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புறான். அந்தத் தண்ணி குழாய் வளைவுகள்ல மிஞ்சி நின்னு, லாரியிலயும் குடோன்லயும் கிடந்து அழுகியிருக்கும். அதனால முதல் தண்ணி குளிக்கிறதுக்கு இல்ல, குழாய் கழுவுறதுக்கு. கழுவுற மருந்தைப் போட்டு மோட்டாரை ஓட்டுனா, பளபளன்னு இருந்த தொட்டியிலருந்து பழுப்புச் செதில் செதிலா வந்து மிதக்கும். பார்த்தா ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது. அதை வடிச்சு, தேய்ச்சுக் கழுவி, திரும்ப நிரப்பணும். நிரப்புறப்ப ஓஸை ஃபில்டர் குழிக்குள்ள விட்டு நிரப்பு. தொட்டிக்குள்ள சும்மா போட்டா குழாய்ல காத்து அடைச்சு மோட்டார் கத்தும்.

அடுத்தது தண்ணியோட குணம். நம்ம கம்பத்துப் போர்த் தண்ணி உப்புத் தண்ணி, பாத்திரத்துல வெள்ளையாப் படியும். மலைத் தண்ணி அதுக்கு நேர் எதிரு, பிடிமானமே கிடையாது. அதுக்கு ஆப்ப சோடாவைக் கரைச்சு ஊத்திப் பிடிமானம் குடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் புளிப்பு காரம், அதான் பிஹெச், பார்க்கணும். வரிசையை மாத்துனீகன்னா பொழுதுக்கும் பட்டையை முக்கிக்கிட்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் புரோமைடு உப்பு. வாளியில கரைச்சு, மோட்டார் ஓடும்போது தொட்டியைச் சுத்தி ஊத்தணும். ஊத்திட்டு பட்டையை முக்குனா நிறம் மாறாது. ஏன்னா உப்பு தூங்கிக்கிட்டு இருக்கு. அது ஒரு கொசுவைக் கூடக் கொல்லாது. அதை எழுப்புறதுக்குன்னு ஒரு பவுடர் இருக்கு. மூடியைத் திறந்து வச்சு, அந்தப் பவுடரைப் போட்டா உப்பு முழிச்சு புரோமினா மாறும். இதுலதான் சூட்சுமம். வேலை பார்த்துக் களைச்ச புரோமின் திரும்ப உப்பாகித் தூங்கும். மறுபடி பவுடர் போட்டா மறுபடி எந்திரிக்கும். முதல் நாளே உப்பைப் போட்டு வச்சாத்தான் எழுப்புறதுக்கு ஆளு இருக்கும். வெறும் மாத்திரையைப் போட்டா அது சொட்டுச் சொட்டாக் கரைஞ்சு, அந்த உப்பு சேர்றதுக்கு வாரக் கணக்காகும். அது வரைக்கும் தொட்டியில இருக்கிறது காவலே இல்லாத வெந்நீர். மாத்திரை தீனி. தீனி திங்க உள்ள மாடு இருக்கணும்ல?

பட்டை நிறம் முதல்ல எகிறும். அது இறங்கி அளவுக்கு வர்ற வரைக்கும் காத்திரு. வந்ததும் நீ இறங்கு. அப்புறம் மிதவையில, அதான் தண்ணி மேல மிதக்கிற ஓட்டை டப்பாவுல, மாத்திரை. அப்புறம் மூடி, ஏன்னா வெயில் பட்டா புரோமின் ஓடிப்போயிரும். இன்னொண்ணு, குளத்துக்கு வாங்கி வச்ச குளோரின் மாத்திரை மிச்சம் இருக்குன்னு அதே மிதவையில சேர்த்துப் போட்டுறாதீக. தீப்பிடிக்கும். நான் விளையாட்டுக்குச் சொல்லல.

இனி அந்தத் தொட்டி.

முதலாளி அப்பத்தான் முதல் ரிசார்ட்டைக் கட்டி முடிச்சிருந்தாரு. ஏலக்கா வியாபாரத்துல வந்தவரு, திராட்சைத் தோட்டமும் உண்டு. படிப்பு என்னைவிட ரெண்டு மூணு வகுப்பு கூட இருக்கலாம், அவ்வளவுதான். என்னை மாதிரியே ஒண்ணுமில்லாம வந்த ஆளு. அதனால ஆரம்பத்துல எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சு, மறைக்கல. பேசுற விதம் மட்டும்தான் ஒரு மாதிரி. போன் எப்பவும் காதுல இருக்கும். நாம ஏதாவது கேட்டா ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாரு, நில்லுன்னு. போனை வச்சதும் நாம கேட்டதுக்குப் பதில் வராது. அவரு சொல்ல நினைச்சதுதான் வரும்.

பேச்சி அங்கன ரூம் கூட்டித் துடைக்கிற வேலையில இருந்தா. புருஷன் இல்ல, ஒத்தை ஆளா நின்னு பிழைக்கிறவ. கையைப் பார்த்தா முதல்ல யாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும். முழங்கை வரைக்கும் திட்டுத் திட்டா வெளுத்து, அங்கங்க தோலு தடிச்சு வெடிச்சிருக்கும். திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் வருஷக் கணக்கா பேரல்ல வெறுங்கையால கலக்கின கை அது. ஒட்டுற வியாதி இல்ல. மருந்து தின்ன கை.

புதுத் தொட்டியை முதல் தண்ணி வடிச்சதும் தேய்ச்சுக் குடுக்க அவளைத்தான் அனுப்புனாக. நான் குடுத்த கையுறை பெரிசா இருக்குன்னு கழட்டி வீசிட்டு, தொட்டிக்குள்ள முட்டி போட்டு வெறுங்கையாலயே மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சா. நான் வாளி வாளியாக் கலக்குறதைப் பார்த்துட்டு, "என்னண்ணே, குளிக்கிற தொட்டிக்கு இம்புட்டு மருந்தா? எங்க கொடிப் பந்தலுக்குக் கூட இம்புட்டு அடிச்சதில்ல"ன்னா.

"அது திராட்சை, கழுவித் திம்பாக. இது மனுசனையே ஊறப் போடுறது"ன்னேன்.

தண்ணி அளவுக்கு வந்ததும் நான் சட்டையைக் கழட்டிட்டு டவுசரோட இறங்கி உட்கார்ந்தேன். அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "ஆத்தாடி! மணவறையில மாப்பிள்ளை உட்கார்ந்த மாதிரில்ல இருக்கு! ஏண்ணே, சந்தனம் கொண்டாரவா?"

"ஏத்தா, போய் உன் வேலையப் பாரு"ன்னேன். கண்ணு எரியல, தோலு இழுக்கல. தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. மிதவையப் போட்டு மூடிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில திரும்பப் போனேன், எல்லாம் நிக்குதான்னு பார்க்க. படியேறும்போதே கற்பூர வாடை. தொட்டி மூடி திறந்து கிடக்கு. தண்ணி மஞ்சள். மேல ரோசாவும் செவ்வந்தியும் மிதக்குது. விளிம்புல குங்குமம், பக்கத்துல காலிப் பால் குடம். பட்டையை முக்குனேன். நிறமே இல்ல. நான் ஏத்தி வச்ச புரோமின் அத்தனையையும் பாலும் மஞ்சளும் பூவும் தின்னு தீர்த்திருச்சு.

முதலாளி போனோட வந்தாரு. விரலைக் காட்டுனாரு. நின்னேன். போனை வச்சாரு.

"எப்படி வீரணா, பூஜை ஜோரா இருந்துச்சா? நீ வரலையே. சுருளித் தீர்த்தம் கொண்டாந்து ஊத்தி, நம்ம வீட்டுப் பசும்பால்..."

"முதலாளி, இதை வடிக்கணும்."

"எதை?"

"தண்ணியத்தான். வடிச்சிட்டு முதல்லருந்து ஏத்தணும்."

அவரு மூஞ்சி மாறிருச்சு. "தீர்த்தத்தைச் சாக்கடையில விடச் சொல்றியா? உனக்கு வாய் கூசல?"

"சாக்கடைக்கு வேணாம், செடிக்கு விடுவோம்."

"சாயங்காலம் மதுரையிலருந்து விருந்தாளி வர்றாக. முதல் போணி. நீ தொட்டியைக் காலியாப் போட்டு வைக்கச் சொல்றே."

ஒண்ணு சொல்லிடுறேன், என்னைச் சாமி கும்பிடாதவன்னு எவனும் நினைச்சிற வேணாம். புதுக் கிணத்துல மோட்டார் போட்டு முதல் தண்ணி வந்தா பாலும் மஞ்சளும் ஊத்தி, சூடம் காட்டி, பொங்கல் வச்சுத் திங்கிறது நம்ம பக்கத்து வழக்கம். நானே எத்தனையோ கிணத்து மேட்டுல சூடம் காட்டியிருக்கேன். கிணத்துல ஊத்தின பால் கிணத்தோட போயிரும், வாய்க்கால்ல ஓடிரும். இது கிணறு இல்ல. அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரும், அதுவும் வெதுவெதுன்னு. அந்தச் சூட்டுல பால் என்ன ஆகும்னு வீட்டுல தயிர் உறை ஊத்துற எவளைக் கேட்டாலும் சொல்லுவா. இதை அப்படியே முதலாளிகிட்டச் சொன்னேன்.

"மாத்திரை போட்டிருக்கேல்ல? அது பார்த்துக்கிடும். பூவை மட்டும் அள்ளச் சொல்லிருக்கேன். நீ கெளம்பு."

"சரி. தண்ணி நல்லாருக்குன்னு நீங்க சொல்றீகல்ல. அப்ப முதல்ல நீங்க இறங்குங்க."

"எனக்குச் சளி"ன்னுட்டு அடுத்த போனை எடுத்துட்டாரு.

நான் வந்துட்டேன். விருந்தாளிக வந்தாக. மதுரையில கடை வச்சிருக்கிற ஆளு, அவரு சம்சாரம், ரெண்டு பொம்பளப் பிள்ளைக. தண்ணி பீச்சுற ஜெட்டைப் போட்டதும் பால்ல நுரை கிளம்பி விளிம்பு வரைக்கும் வந்துச்சாம். அவுக அதைச் சோப்பு நுரைன்னு நினைச்சு, போட்டோ எடுத்து, மறுநாளும் இறங்கி ஊறியிருக்காக.

அதுக்கு மறுநாள் பேச்சி என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறா. அழுகல. பல்லைக் கடிச்சிக்கிட்டு நிக்கிறா.

"அண்ணே, என் கைதான் காரணமாம்."

"என்னத்தா சொல்றே?"

"பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் செவப்புச் செவப்பாக் கொப்புளம். குளிக்கிற துணி மூடுன எடத்துலதான் சாஸ்தி. சின்னதுக்குக் காய்ச்சலு. டாக்டரு தண்ணியிலருந்து வந்ததுன்னுட்டாரு. முதலாளி என் கையத் தூக்கி அவுகளுக்குக் காட்டுறாருண்ணே. இவ தேய்ச்ச தொட்டி, இவளுக்குத் தோலு வியாதி, எனக்கே தெரியாமப் போச்சுன்னு. மாட்டோட பல்லைப் பிடிச்சுக் காட்டுற மாதிரி காட்டுறாரு." கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுச் சொன்னா. "வேலையவிட்டுப் போச் சொன்னாக, போயிர்றேன். எல்லா ரிசார்ட்டுக்கும் போன் போட்டுட்டாருண்ணே. வியாதிக்காரின்னு பேராயிருச்சு. இனி ஒருத்தன் வாசல் கூட்டக்கூட என்னக் கூப்பிட மாட்டான்."

அவ பேசிக்கிட்டு இருக்கும்போதே எனக்குப் போன். முதலாளிதான். "வீரணா, கெளம்பி வா. மதுரைக்காரர் உன்னைக் கேக்கணும்ங்கிறாரு. நீயும் அந்தக் கையைத்தான் சொல்லணும். அடுத்து நான் கட்டுற எல்லா எடத்துலயும் தொட்டி வேலை உனக்குத்தான், புரியுதா?" விரலைத் தூக்கியிருப்பாரு, போன்ல தெரியல.

வர்றேன்னேன். பேச்சியை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன்.

வரவேற்பு ஹால்ல எல்லாரும் உட்கார்ந்திருக்காக. மதுரைக்காரர் கோவத்துல இருக்காரு. அவரு சம்சாரம் சின்னப் பிள்ளையை மடியில போட்டிருக்கு. பிள்ளை கழுத்துல செவப்புச் செவப்பாக் கொப்புளம். முதலாளி என்னைக் காட்டி, "இவருதான் நம்ம எக்ஸ்பர்ட்டு. சொல்லு வீரணா"ன்னாரு.

நான் சட்டைப் பொத்தானைக் கழட்டுனேன்.

"ஏய், என்னய்யா பண்றே?"

சட்டையை சோபாவுல போட்டேன். வேட்டியை அவுத்து மடிச்சு அதுக்கு மேல வச்சேன். டவுசரோட நடு ஹால்ல நின்னேன். வரவேற்புல நின்ன பொண்ணு அந்தப் பக்கம் திரும்பிக்கிருச்சு.

"ஐயா, நல்லாப் பாருங்க"ன்னு மதுரைக்காரர்கிட்டத் திரும்புனேன். "முதுகு, வயிறு, தொடை, எல்லாம் பாருங்க. இந்தப் பிள்ளை பேச்சி வெறுங்கையால அந்தத் தொட்டியை ஒரு இஞ்சு விடாமத் தேய்ச்சா. அவளுக்கு அடுத்து அதுல முதல்ல உட்கார்ந்த உடம்பு இது. எங்க தொழில் வழக்கம், தொடங்கினவன்தான் முதல்ல இறங்கணும். கழுத்து வரைக்கும் உட்கார்ந்தேன். ஒரு புள்ளி இருக்கா? அவ கையில வியாதி இருந்தா முதல்ல எனக்கில்ல வந்திருக்கணும்?"

அவரு எந்திரிச்சு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, சந்தையில மாடு பார்க்கிற மாதிரி என்னைச் சுத்திப் பார்த்தாரு. "அப்ப உங்களுக்கப்புறம் என்ன நடந்துச்சு?"

முதலாளி, "அவன் கிறுக்கன் சார்..."னு ஆரம்பிச்சாரு. பேச்சி முன்னால வந்தா. அவ பேசுவான்னு நானே நினைக்கல.

"ஒரு குடம் பால் ஊத்துனாக சார். மஞ்சத் தண்ணி ஊத்துனாக. இவுக வடிக்கணும்னாக, வடிக்க விடல. நீங்க நுரைன்னு நினைச்சது பாலு." அப்புறம் முதலாளி பக்கம் திரும்பி, ரெண்டு கையையும் நீட்டுனா. "இது யாரு பந்தல்ல ஆனதுன்னு உங்களுக்குத் தெரியாதா முதலாளி? உங்க திராட்சைக்குத்தானே மயில்துத்தம் கலக்குனேன்? உங்க தோட்டத்துல இருந்தப்ப இது வேலை பார்க்கிற கை. இங்கன வந்ததும் வியாதிக் கையா?"

முதலாளி கையில போன் அடிச்சிக்கிட்டே இருக்கு, எடுக்கல. நான் பார்த்து அவரு எடுக்காத போன் அது ஒண்ணுதான்.

மதுரைக்காரர் நேரா தொட்டிக்குப் போயி மூடியைத் தூக்கி மோந்தாரு. மூக்கைப் பொத்திக்கிட்டாரு. புளிச்ச வாடை எங்க வரைக்கும் வந்துச்சு. முதலாளியைப் பார்த்து, "பிள்ளைகளை இதுலயா விட்டீங்க"ன்னு ஒரு வார்த்தைதான். பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாக. நல்ல மனுசன்னுதான் சொல்லணும். ஆனா அவருந்தான் பேச்சியை ஏறிட்டுப் பார்க்கல. கொஞ்ச முன்ன வரைக்கும் அவ கையைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சாக, அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். இன்னிக்கும் நினைச்சா எனக்குக் கொதிக்குது.

நான் குனிஞ்சு வடிகால் மூடியைத் திறந்தேன்.

"தீர்த்தம்டா! அது தீர்த்தம்டா!"ன்னு முதலாளி கத்துறாரு. ஓஸைத் திருப்பி ஏலச் செடிப் பக்கம் விட்டேன். செடிக ஒண்ணும் கோவிக்கல. டவுசரோடயே தொட்டி விளிம்புல உட்கார்ந்தேன். வர்கீஸ் சார் மாதிரி வாயைத் திறக்காம உட்கார்ந்தேன். அன்னிக்குத்தான் அவரு ஏன் வையாம உட்கார்ந்திருந்தாருன்னு புரிஞ்சுச்சு. வைய ஆரம்பிச்சா கை நீண்டுரும்.

பேச்சி அடுப்படிக்குப் போயி ஒரு கட்டன் சாயா போட்டுக் கொண்டாந்து குடுத்தா. அவ கையால. கடைசிச் சொட்டு வடியிற வரைக்கும் குடிச்சேன். அப்புறம்தான் வேட்டியைக் கட்டுனேன்.

"ரெண்டு பேரும் இனி இந்தக் கேட்டுக்குள்ள வரக் கூடாது"ன்னாரு முதலாளி. வரல. அவரு போட்ட போனுக்குப் பயந்து இந்தப் பக்கம் ஒருத்தனும் பேச்சியை உள்ள விடல. அவுகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டுச்சு. கடைசியில நானே கூட்டிக்கிட்டுப் போனேன், மலைக்கு அந்தப் பக்கம். நான் வாளி தூக்கினா அவ ஓஸைப் பிடிச்சா, நான் உப்பைக் கரைச்சா அவ பட்டையைப் பார்த்தா, தன் நிழல்ல வச்சு. என் முழங்கால் போனதுக்கு அப்புறம் என் வேலை மொத்தமும் அவளுக்குத்தான். புதுத் தொட்டியில நைட்டியோட அவதான் முதல்ல இறங்குறா. யாரும் சிபாரிசு பண்ணல, என்னைத் தவிர. நான் சொன்னாப் போதாதா?

அப்படிப்பட்டவளைத்தான் அந்த முதலாளி மேடை ஏறி, வேலைக்காரி கை பட்டுக் கெட்டுச்சுன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. இத்தனை வருசம் கழிச்சும் அவளுக்குப் பேரு இல்ல, கை மட்டும்தான். அவரு கையால வெளியிடுற மலருக்கு நான் நல்லதா நாலு பக்கம் எழுதணுமாம்.

எழுதுனதை முருகேசன்கிட்டப் படிச்சுக் காட்டுனேன். அவனுக்கு வேர்த்துருச்சு. "அண்ணே, மண்டபச் செலவே அவருதாண்ணே. அந்தத் தொட்டிச் சமாச்சாரத்தை மட்டும் எடுத்துருவோமா?"ன்னான். எடுத்தா மொத்தத்தையும் எடு, என் போட்டோவையும் சேர்த்து எடுன்னேன். "சரிண்ணே. அந்தம்மா பேரையாவது மாத்திப் போடுவோம். அவுகளுக்கும் தொந்தரவு"ன்னான். அதை நான் முடிவு பண்ண முடியாதுல்ல? அவளுக்கே போன் போட்டுக் கேட்டேன். அவ ஏதோ தொட்டியில நிக்கிறா, மோட்டார் சத்தம் கேக்குது.

"ஏண்ணே மாத்தணும்? அவரு என் கையத் தூக்கிக் காட்டுனப்ப எவன்கிட்டயாச்சும் கேட்டாரா? அப்படியே போடுங்க. பேச்சியம்மாள், கூடலூர். கீழ என்ன வேலைன்னும் போடுங்க." மோட்டார் சத்தத்துக்கு மேல கத்துனா. "போனை வைங்கண்ணே, தண்ணி ரெடி. நான் இறங்கப்போறேன்."